க்ரிப்டிக் குறுக்கெழுத்து: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

க்ரிப்டிக் குறுக்கெழுத்து என்ற வியாதியை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒட்டவைத்துக்கொண்டே இருப்பவன் நான். ஆள் மாறினாலும் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை வறளச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன. உதாரணக் குறிப்புகள் எல்லாம் இதற்காக நானே கட்டியவை. சொத்தையாக இருந்தால் பழி எனக்கு.

சாதாரணக் குறுக்கெழுத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணக் குறுக்கெழுத்தில் "பாவிகள் போகும் இடம் (4)" என்று இருக்கும். நரகம் என்று தோன்றினால் எழுதுவீர்கள், தோன்றாவிட்டால் அடுத்ததற்குப் போவீர்கள். அதே விடைக்கு க்ரிப்டிக் குறிப்பு இப்படி இருக்கும்: "நகரம் குழம்பினால் பாவிகள் போகும் இடம் (4)". பின்பாதி மாறவில்லை. முன்னால் ஒரு செய்முறை சேர்ந்திருக்கிறது. ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்துகளைக் குழப்பிப் போடுங்கள், நரகம் வரும்.

ஆக ஒரே விடைக்கு இரண்டு வழி. ஒன்று பொருள் வழி, இதை நேர்பொருள் என்று சொல்கிறேன். மற்றது எழுத்து வழி, இது சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டும்போது விடை சரியா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பார்வைக்குக் கஷ்டமாகத் தெரிந்தாலும், சரிபார்க்கும் வசதி இதில்தான் அதிகம்.

வாக்கியத்தைப் படிச்சா ஒரு கதை மாதிரி இருக்கு. எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே?

அந்தக் கதையை நம்பாதீர்கள். குழம்பிப்போன ஒரு நகரம், போக்குவரத்து, கூச்சல் என்று உங்கள் மனம் படம் போட ஆரம்பித்தால் குறிப்பை எழுதியவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். குறிப்பை வாக்கியமாகப் பார்க்காமல் சொற்களின் வரிசையாகப் பாருங்கள்.

நேர்பொருள் அநேகமாக எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ கடைசியிலோ இருக்கும், நடுவில் இருக்காது. அதனால் முதலிரண்டு சொற்களை மட்டும் தனியே படித்து, இதற்கு இத்தனை எழுத்தில் என்ன சொல் உண்டு என்று யோசியுங்கள். பிறகு கடைசி இரண்டு சொற்களை அதே மாதிரி. ஏதாவது ஒரு முனை பிடி கொடுக்கும். எங்கே வெட்டுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை எழுத்துன்னு எப்படி எண்றது? 'ம்' ஒரு கட்டமா?

ஆமாம். புள்ளி வைத்த எழுத்துக்கும் முழுக் கட்டம் உண்டு. உயிர்மெய்யும் ஒரே கட்டம்தான். 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாக வெட்டக் கூடாது. 'குறுக்கெழுத்து' என்றால் கு, று, க், கெ, ழு, த், து என ஏழு கட்டங்கள். 'ஸ்ரீ' ஒரே கட்டத்தில் வரும். 'க்ஷ' மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும், கட்டத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

'குழம்பினால்'னா எழுத்தைக் கலைக்கணும்னு எப்படித் தெரியும்? பட்டியல் இருக்கா?

பட்டியல் கேட்காத ஆளே இல்லை. நானும் ஆரம்பத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். குழம்ப, கலைய, சிதற, புரள, உடைய, தடுமாற என்று ஒழுங்கு கெடுவதைக் குறிக்கும் எந்தச் சொல்லும் கலைப்புக்குச் சைகையாகலாம். 'உடைய' என்பது குறிப்பாக ஆபத்தானது. "அவனுடைய" என்பதுபோல உடைமையாகப் படித்துக் கடந்துபோவீர்கள், அங்கே எழுத்துகள் உடைந்துகொண்டிருக்கும்.

தலை, முகம், முதல், ஆரம்பம் என்றால் பெரும்பாலும் முதல் எழுத்து. வால், கடைசி, முடிவு என்றால் இறுதி எழுத்து. இதயம், இடை, வயிறு என்றால் நடுவில் இருப்பது. அப்புறம் இவை இருக்கின்றனவா, இழந்தனவா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த என் குறிப்பு ஒன்று: "இதயமற்ற கவிதை வெறும் புனைவு (2)". கவிதையின் நடுவெழுத்து 'வி'. அதை எடுத்தால் கதை. புனைவு என்பது நேர்பொருள்.

எண்ணிக்கையும் ஒரு சைகைதான். நான்கெழுத்து விடைக்கு, பக்கத்தில் பக்கத்தில் உள்ள சொற்களில் சரியாக நான்கு எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கலைக்கிறது புரிஞ்சுது. வேற என்னவெல்லாம் செய்வாங்க?

மூன்று வகை அடிக்கடி வரும். முதலாவது ஒட்டு: சிறு சொற்களை வரிசையாகச் சேர்ப்பது. "வரச் சொல்லிப் பாரமேற்றிய வண்டி (4)". வரச் சொல்வதென்றால் 'வா' என்போம். பாரம் என்றால் கனம். வா மேல் கனத்தை ஏற்றினால் வாகனம், அதாவது வண்டி.

இரண்டாவது புகுத்தல்: ஒன்றின் வயிற்றில் இன்னொன்று. "பணத்தில் யமன் தலையிட்டால் யாத்திரை (4)". தலையிடுவது என்றால் மூக்கை நுழைப்பது என்று மேலோட்டமாகப் படிப்போம். இங்கே யமன் உண்மையிலேயே தன் தலையை, அதாவது 'ய' என்ற எழுத்தை, பணத்துக்குள் இடுகிறான். ப, ய, ணம். பயணம்.

மூன்றாவது ஒளிப்பு: விடை கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். "தங்கம் பிரகாசித்ததில் ஒளிந்திருந்த உலோக இழை (3)". தங்கம் பிரகாசித்தது என்பதில் 'த', 'ங்' இரண்டையும் தாண்டிப் படியுங்கள்: கம்பி. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணைக் கட்டிவிடுகிறது, அவ்வளவுதான். புதிதாக வருபவர்கள் இந்த வகையைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று நினைத்தால், அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள். சிக்கலைத் தேடிப் போகிறவர்களுக்கு எளிமை தெரிவதில்லை.

கால் உடைஞ்சுது, கொம்பு முளைச்சுதுன்னு எல்லாம் வருதே, அது என்ன?

இது தமிழுக்கே உரிய சுகம், ஆங்கிலக் குறிப்புகளில் இதற்கு வழியில்லை. நம் எழுத்துகளின் துணைக்குறிகளுக்கு உடம்புப் பெயர்கள் இருக்கின்றன. 'பா'வில் இருப்பது கால், 'பெ'வில் இருப்பது கொம்பு, 'ப்' மேல் இருப்பது புள்ளி. இவற்றை ஒடிக்கலாம், ஒட்டலாம், துடைக்கலாம்.

"பாடத்தின் காலை ஒடித்தால் ஓவியம் (3)": பாடம், கால் போனதும் படம். "இசைக்குக் கொம்பு முளைத்தால் நங்கை (2)": இசை என்றால் பண், கொம்பு சேர்ந்தால் பெண். "பல்லில் இருந்த புள்ளி போனால் நிறைய (2)": பல் என்பதன் புள்ளியை அழித்தால் பல. கடைசிக் குறிப்பைப் பார்த்த பல் மருத்துவ நண்பர் ஒருவர், சொத்தைப் பல்லைப் பற்றிய விளக்கமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

'வி', 'வீ' ஆகியவற்றின் குறிகளுக்கு எல்லோரும் அறிந்த பெயர் இல்லாததால் அங்கே வேறு உத்தி: குறுகினால், நீண்டால் என்பார்கள். நெடில் குறிலாகும், குறில் நெடிலாகும். கடைசிக் கேள்வியில் இது மறுபடி வரும்.

சில குறிப்புல சைகைச் சொல்லே இல்லையே?

அப்படியென்றால் இரண்டு நேர்பொருள்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். "சாயங்காலம் கழுத்தில் விழுவது (2)". சாயங்காலம் என்றாலும் மாலை, கழுத்தில் விழுவதும் மாலை. எழுத்தோடு எந்த வேலையும் இல்லை. இரண்டு மூன்று சொல்லே உள்ள குட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த வகைதான். பல பொருள் ஒரு சொல் தமிழில் கொட்டிக் கிடக்கிறது. அடி, படி, ஆறு, திங்கள், மதி என்று உட்கார்ந்து யோசித்தால் ஒரு மதியம் போய்விடும்.

'காதில் விழ'ன்னு இருந்தா?

விடை எழுத்தில் வேறு, ஒலியில் அதே. "பாதி காதில் விழ, கன்னத்தில் விழுவது (2)". பாதி என்றால் அரை. காதால் மட்டும் கேட்டால் அது 'அறை' என்றும் இருக்கலாம். கன்னத்தில் விழுவதும் அதுதான். ர, ற வேறுபாட்டைத் துல்லியமாக ஒலிப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் இரண்டும் பலருக்கு ஒன்றுதான் என்பதால் இந்த வகைக்கு இடம் கொடுக்கிறார்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கி எழுதினால் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அதையும் "மழலையில்" என்ற சைகையோடு தந்தால் மன்னித்துவிடுவேன்.

ஆங்கிலப் புதிர்ல சொல்லைத் தலைகீழாத் திருப்புறது நிறைய வருதே, தமிழ்ல ஏன் குறைவு?

நம் மொழி முதல், மொழி இறுதி விதிகள் இடம் தருவதில்லை. எத்தனையோ சொற்கள் ம், ல், ன், ர் என்று புள்ளியில் முடிகின்றன. புள்ளி எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. 'மரம்' திரும்பினால் 'ம்ரம', வாய்க்குள் நுழையாது. உயிரொலியில் முடியும் சொல்லாகவும், அந்தக் கடைசி எழுத்து சொல்முதலில் வரக்கூடியதாகவும் இருந்தால்தான் திருப்ப முடியும்.

கிடைக்கும்போது விடக் கூடாது. "சிவா, திரும்பிப் பார்த்துப் படி (2)". சிவா திரும்பினால் வாசி. படி என்பது நேர்பொருள். மேல்கீழாக எழுதும் விடையானால் 'திரும்பி' என்பதற்குப் பதில் 'எழுந்து', 'மேலேறி' என்று வரலாம்.

'பணத்தில்'னு எழுதிட்டு 'பணம்'னு எடுத்துக்கிறீங்க. இது ஏமாத்து இல்லையா?

நல்ல கேள்வி, இதில் சண்டையே நடந்திருக்கிறது. தமிழில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்துக்குள் வந்ததும் உருமாறிவிடும். பணம் என்பது அத்துச் சாரியை பெற்றுப் பணத்தில், பணத்தை என்றாகும். உருபே இல்லாமல் குறிப்பு எழுதினால் அது தந்தி மாதிரி இருக்கும். அதனால் நான் வைத்திருக்கும் கோடு இது: வேற்றுமை உருபைக் கழித்து மூலச் சொல்லுக்குப் போவது எந்தத் தமிழ் வாசகருக்கும் தானாக வரும், அது நியாயம்.

ஆனால் கலைப்பிலும் ஒளிப்பிலும் அந்தச் சலுகை கிடையாது. அங்கே எழுத்துகளே மூலப்பொருள். "நகரத்தைக் குழப்பினால்" என்று எழுதிவிட்டு நரகம் என்று எதிர்பார்த்தால், 'த்தை' எங்கே போயிற்று என்று தீர்ப்பவர் கேட்பார். முதல் கேள்வியில் 'நகரம்' உருபில்லாமல் நிற்பது தற்செயல் இல்லை. சந்தியில் வரும் ஒற்றும் அப்படித்தான்: ஒளிப்பு இரண்டு சொற்களைத் தாண்டிப் போனால், நடுவில் உள்ள க், ச், த், ப் விடையிலும் இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தெரியாத மாதிரி தாண்டக் கூடாது.

இந்த விதியெல்லாம் யார் போட்டது?

சட்டப் புத்தகம் என்று ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வந்ததுதான். குறுக்கெழுத்து முதலில் வந்தது 1913 டிசம்பர் 21 அன்று, நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில். ஆர்தர் வின் வைர வடிவக் கட்டத்தில் போட்டார். அது நேரடிப் பொருள் மட்டும் கேட்ட புதிர். அதை மர்மமாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் அப்சர்வர் இதழுக்குப் புதிர் போட்ட எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ், டார்க்கமாடா என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அது ஸ்பானிய மத விசாரணைத் தலைவர் ஒருவரின் பெயர். வாசகர்களை வதைப்பதில் அவருக்கு இருந்த பெருமை அப்படி. 1939இல் அந்த இடத்துக்கு வந்த மெக்நட், சிமெனிஸ் என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரில் எழுதினார். 1972 முதல் எழுதிய அடுத்தவர் டெசா என்ற விசாரணைத் தலைவரின் பெயரைத் திருப்பிப்போட்டு ஏசெட் ஆனார்.

நியாயம் என்ற பேச்சை அழுத்திச் சொன்னவர் சிமெனிஸ். 1966இல் அவர் எழுதிய நூலின் சாரம்: குறிப்பில் துல்லியமான நேர்பொருள் ஒன்று, நியாயமான சொல்விளையாட்டு ஒன்று, இவை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. அவருக்கு முன்பே அஃப்ரிட் என்ற புனைபெயர்க்காரர் 1949இல் இதையே வேறு விதமாகச் சொன்னார். நான் சொல்வதுபோல் தோன்றுவது என் எண்ணமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் என் எண்ணம் என்னவோ அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

அப்படின்னா 'வெறும் புனைவு'ல 'வெறும்' எதுக்கு?

மாட்டிக்கொண்டேன். கதை என்பதற்குப் புனைவு போதும், 'வெறும்' அலங்காரம். "சும்மா கதை விடாதே" என்கிற தொனியில் 'வெறும் புனைவு' முழுவதையும் நேர்பொருளாகக் கொள்ளலாம் என்று வாதாடுவேன். கண்டிப்பானவர்கள் தள்ளிவிடுவார்கள். குறிப்பில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேளுங்கள்: நீ நேர்பொருளா, எழுத்துக்குச் சரக்கா, சைகையா, இரண்டையும் இணைக்கும் பாலமா? நான்கிலும் சேராத சொல் வெறும் பயணி. டிக்கெட் இல்லாத பயணிகள் அதிகமானால் குறிப்பு மோசம்.

விடை கிடைச்சிருச்சு, ஏன்னு மட்டும் தெரியல. எழுதிடலாமா?

எழுதலாம், பென்சிலால். நேர்பொருளை வைத்து ஊகித்த விடை சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் காரணம் தெரியாத விடை பாதி விடைதான். முன்கேள்வியில் சொன்ன கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு சொல் மிஞ்சி நின்றால், விடை தவறாக இருக்கலாம், அல்லது நீங்கள் பார்க்காத ஒரு தந்திரம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

யாத்திரை நான்கெழுத்து என்றதும் பயணம் என்று எழுதிவிட்டுப் போகிறவருக்கு, யமன் தலையிட்ட அழகு தெரியாமலே போய்விடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம், வேறொன்றும் இல்லை.

விளக்கம் எழுதச் சொன்னா எப்படி எழுதணும்?

சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல். முதலில் நேர்பொருளை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். பிறகு கட்டுமானம். புகுத்தலுக்கு அடைப்புக்குறி போதும்: ப(ய)ணம், ய = யமனின் தலை. ஒட்டுக்குக் கூட்டல்: வா + கனம். நீக்கத்துக்குக் கழித்தல்: கவிதை − வி. கலைப்பில் மூலச் சொற்களையும் சைகைச் சொல்லையும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.

"கொஞ்சம் யோசித்தால் புரியும்" என்று விளக்கத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. யோசித்தும் புரியாததால்தானே விளக்கத்தைப் படிக்கிறார்கள்? எதிர்ப்பக்கம் போய், யமன் யார் என்று இரண்டு பத்தி எழுதவும் வேண்டாம். அரிய பொருளில் ஒரு சொல் வந்திருந்தால் அந்தப் பொருளை ஒரு வரியில் சொன்னால் போதும். குறிப்பில் ஓட்டை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், முட்டுக் கொடுத்து நியாயப்படுத்தாதீர்கள்.

பக்கத்துல ஒருத்தர் திணறுறார். விடையைச் சொல்லாம எப்படி உதவுறது?

படிப்படியாக. "இடம் மாறிக் கதை விடு: அவிழ்க்க வேண்டியது (4)" என்ற குறிப்பில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று வையுங்கள். முதலில் நேர்பொருள் எந்த முனையில் என்று மட்டும் சொல்லுங்கள்: கடைசியில். நகரவில்லையா? 'இடம் மாறி' ஒரு கட்டளை என்று சொல்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் 'கதை விடு' எத்தனை எழுத்து என்று எண்ணச் சொல்லுங்கள். இந்த இடத்தில் பெரும்பாலும் முகம் மலரும்: விடுகதை. அந்த மலர்ச்சியை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள். முதல் சுற்றிலேயே விடையைச் சொல்லிவிட்டால் அடுத்த குறிப்புக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

குறுக்கே ஒரே ஒரு எழுத்துதான் கிடைச்சிருக்கு. அதை வெச்சு என்ன செய்ய?

நிறைய செய்யலாம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26இல் ஒன்று வரும். நமக்கு 247இல் ஒன்று. அதனால் குறுக்கே கிடைக்கும் ஒரே எழுத்துகூடப் பெரிய துப்பு. நடுவில் 'ழை' கிடைத்தால் அநேகமாக முடிந்த மாதிரிதான். கடைசியில் 'ம்' கிடைத்தால் மட்டும் துள்ளிக் குதிக்க வேண்டாம், அது எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும்.

பள்ளியில் கடுப்போடு படித்த இலக்கணம் இங்கே சம்பளம் தரும். 'ங்' வந்தால் அடுத்த கட்டம் க வரிசை. க், ச், த், ப் வந்தால் தமிழ்ச் சொல்லில் அடுத்து அதே இனம்தான்: க் பின் க, ப் பின் ப. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். நட்பு, கற்பனை போல வேறு வல்லினத்தோடும் சேரும். முதல் கட்டத்தில் ட, ர, ல வந்தால் பிறமொழிச் சொல்லாக இருக்கலாம் என்று உஷாராகுங்கள்.

பழந்தமிழ் தெரிஞ்சவங்களுக்குத்தானா இது?

இல்லை. தேவைப்படுவது அகராதி அறிவு அல்ல, சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம். ஒரே ஒரு சரக்கு மட்டும் கைவசம் இருந்தால் நல்லது: ஓரெழுத்துச் சொற்கள். நன்னூல் இவற்றை 42 என்று கணக்கிடுகிறது. ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன், பா என்றால் செய்யுள், கா என்றால் சோலை, மா என்றால் மரமும் விலங்கும் இன்னும் பலவும். ஒட்டு வகைக் குறிப்புகள் இவற்றை வைத்தே பிழைக்கின்றன. "பேனா குடிப்பதும் கொடையும் சேர்ந்த திடல் (4)" என்பதில் பேனா குடிப்பது மை, கொடை என்றால் தானம், இரண்டும் சேர்ந்தால் மைதானம்.

மற்றபடி நம் முன்னோர் இந்த விளையாட்டில் நமக்கு மூத்தவர்கள். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளைப் பாருங்கள்: திருப்பிப் படித்தாலும் அதே வரும் மாலைமாற்று, ஒரு சொல்லில் எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு சொற்களைப் பெறும் அக்கரச்சுதகம், எழுத்தைக் கூட்டும் எழுத்து வருத்தனம், ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள். திருப்புதல், நீக்கம், ஒட்டு, ஒளிப்பு என்று நான் மேலே சொன்னவற்றின் தாத்தாக்கள் இவர்கள். காளமேகத்தின் சிலேடையோ அப்படியே இரட்டைப் பொருள் குறிப்புதான், வெண்பாவில்.

ரெண்டு விடை பொருந்துற மாதிரி இருந்தா?

முதலில் சைகைச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். "வீட்டுப் பகுதி ஒலியில் பாதி (2)" என்று ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். விடை அறையா, அரையா? 'ஒலியில்' நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை காட்டுகிறது. குறுக்கே போகும் விடையின் எழுத்து கிடைத்தால் தவிர முடிவு செய்ய முடியாது. அந்த எழுத்தும் குறுக்கே வராத கட்டத்தில் இருந்தால் குறிப்பைத்தான் குறை சொல்ல வேண்டும். மேலே என் குறிப்பில் 'காதில் விழ' பாதியோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

குறிப்பு முழுசுமே நேர்பொருள், முழுசுமே சொல்விளையாட்டுன்னு ஒண்ணு உண்டாமே?

உண்டு, அபூர்வம். ஒரே வாக்கியத்தை எப்படிப் படித்தாலும் விடை வர வேண்டும், அதனால் வெட்டும் இடமே கிடையாது. என் முயற்சி: "தாண்டு, கப்பலின் முடிவு இதில் (3)". தாண்டு என்றால் கட, கப்பலின் முடிவு ல். கடல். வாக்கியம் முழுவதையும் படித்தாலும் கடலைத்தான் சொல்கிறது. சுத்தமான சரக்கு என்று சொல்ல மாட்டேன், 'இதில்' கொஞ்சம் தொங்குகிறது. பல வருடத்தில் இந்த அளவுக்குத்தான் நெருங்க முடிந்தது.

நானே ஒண்ணு எழுதிப் பார்க்கணும். எப்படி?

விடையிலிருந்து தொடங்குங்கள், கதையிலிருந்து அல்ல. 'விடுதலை' என்று எடுத்தேன். விடு + தலை என்று பிரிவது யாருக்கும் தெரியும். முதலில் எழுதியது: "தலையைக் கைவிட்டால் சுதந்திரம்". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தலை முன்னால் நிற்கிறது, விடையிலோ பின்னால் வருகிறது. தவிர இரண்டு சொற்களையும் அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்தது: "தள்ளு, சிரம் நிமிரும் சுதந்திரம்". இப்போது வரிசை சரி, ஆனால் 'நிமிரும்' என்ன வேலை செய்கிறது? டிக்கெட் இல்லாத பயணி.

அப்புறம்தான் வீடு குறுகினால் விடு ஆகும் என்று பொறி தட்டியது. "குறுகிய வீட்டை அடுத்துச் சிரம்: கைதியின் கனவு (4)". குறுகிய வீடு சிறை அறையாகவும் தோன்றுகிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. 'சிரம்' மட்டும் அந்தக் கதையில் ஒட்டாமல் நிற்கிறது. 'தலை' என்று எழுதினால் வாக்கியம் இயல்பாகிவிடும், ஆனால் விடை வெளியே தெரிந்துவிடும். இதற்கு வேறு சொல் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.